முதல் பார்வைக்கு இல்லை

அர்த்தம் தெரியாமல் அவள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடமாட்டாள். கைநாட்டு வைக்கிறவள் இல்லை. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தன் பெயரைக் குண்டு குண்டாகத் தமிழில் எழுதுவாள். ஆனால் அதற்கு முன்னால் பேனாவை மூடியோடு பிடித்துக்கொண்டு, "இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லிருங்கக்கா" என்பாள். மொத்தமாகச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். வரி வரியாகச் சொல்ல வேண்டும்.

இருபது வருஷமாகப் புதுக்கோட்டையில் ஒரு வக்கீல் ஆபீஸில் நான் குமாஸ்தாவாகவும் டைப்பிஸ்டாகவும் இருக்கிறேன். நான் விரலால் காட்டிய இடத்தில் எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். விரலை நகர்த்தச் சொல்லி அதற்கு அடியில் இருந்ததைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

மணமேல்குடிக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய ஊர் அவளுக்கு. அறந்தாங்கி வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து புதுக்கோட்டைக்கு இன்னொரு பஸ். இறால் பண்ணையில் குட்டைக்குத் தீவனம் வீசுகிற வேலை. ஆபீஸுக்கு வந்தால் நின்றுகொண்டேதான் இருப்பாள். உட்காரச் சொன்னாலும் பெஞ்சின் ஓரத்தைத் தொட்டபடி நிற்பாள். பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்கமாட்டாள், வாயைப் பார்ப்பாள். புதிதாக ஒரு சொல் காதில் விழுந்தால் உதட்டுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வாள். பிறகு அது அவளுக்கு மறக்காது.

அவள் புருஷன் போர்வெல் வண்டியில் வேலைக்குப் போனவன். மழை இல்லாத ஒரு வருஷம் ஊருக்கு வந்த ஏஜென்ட் ஒருவன் ஊருக்கு ஒருவராக நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு வடக்கே கூட்டிப் போனான். மூன்று மாதம் வாரம் தவறாமல் போன் வந்தது. நாலாவது மாதம் நின்றுவிட்டது. ஏஜென்டைக் கேட்டதற்கு, "ஏதோ ஒரு ரயில்வே ஸ்டேஷன்ல இறங்கிப் போயிட்டான்மா, குடிகாரப் பய" என்றான்.

"அவுக குடிக்க மாட்டாக. பீடிகூடப் பழக்கமில்ல" என்று அவள் எங்களிடம் சொன்னாள். போலீஸில் புகார் கொடுத்து ஒரு வருஷம் ஆகியும் ஒன்றும் நடக்காமல், யாரோ சொல்லித்தான் எங்கள் சாரிடம் வந்திருந்தாள். மகள் அப்போது ஆறாம் வகுப்பு.

சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மதுரையில ஹேபியஸ் கார்பஸ் போட்ருவோம்மா" என்று சொல்லி, கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார். அவள் என் மேஜைக்கு வந்தாள்.

"சார் சொன்னது என்னாக்கா?"

"ஆட்கொணர்வு மனு."

"அது தமிழு. அவரு சொன்னது வேறமாரி இருந்துச்சே."

"ஹேபியஸ் கார்பஸ். அது லத்தீன் பாஷை. ஆளைக் கொண்டாந்து நிறுத்துன்னு கோர்ட்டு சொல்றது."

உதடு அசைந்தது. சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "அந்த ரெண்டுல ஆளுங்கிறது எது?"

எனக்கு ஆவூர்ப் பக்கம். சின்ன வயதிலிருந்து மாதா கோயிலில் நற்கருணைத் திருநாளைக் கார்பஸ் கிறிஸ்டி என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "கார்பஸ்ங்கிறது. ஒடம்புன்னு அர்த்தம்."

"ஆளுன்னீக. இப்ப ஒடம்புங்கிறீக."

"சட்டத்துல ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"உசுரோடயாக்கா?"

அந்தச் சொல் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. உடலைக் கொண்டுவா என்கிறது, அவ்வளவுதான். எனக்கு அது தெரியும். "உசுரோடதான்" என்றேன். அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

அதற்குப் பிறகு வருகிறபோதெல்லாம் ஏதாவது ஒரு சொல்லோடு வருவாள். மகளுக்கு உதவித்தொகை வாங்கப் பள்ளிக்கூடத்தில் போனஃபைடு சர்டிபிகேட் கொடுத்தார்களாம், அதை என் மேஜையில் விரித்து, "இதுவும் அந்தப் பாஷைதானாக்கா?" என்றாள். அதேதான், நல்ல எண்ணத்தோடு உண்மையாகச் சொல்வது என்று பொருள் என்றேன். "பஸ் ஸ்டாண்டு போர்டுல ஏஎம், பிஎம்னு போட்டிருக்கே?" அதுவும்தான். மத்தியானத்துக்கு முன்னால், மத்தியானத்துக்குப் பின்னால். அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஸ்கூலிலும் கோர்ட்டிலும் பஸ் ஸ்டாண்டிலும் ஒரே பாஷை நடக்கிறது, தனக்கு மட்டும் இத்தனை நாளாகத் தெரியவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

"எந்த ஊருல பேசுறாக இத?"

"இப்ப யாரும் பேசுறதில்ல. அந்தக் காலத்துல பேசுனது. செத்துப்போன பாஷைம்பாங்க."

என் வாயைப் பார்த்தாள். "செத்துப்போன பாஷையிலயா அவுகளத் தேடுறீக?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆபீஸில் இருந்த இரண்டு கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மனு போட்ட நாலாவது மாதம் மதுரையிலிருந்து உத்தரவு வந்தது. இரண்டே பக்கம். சார் படித்துப் பார்த்துவிட்டு என் மேஜையில் வைத்தார். "எடுத்துச் சொல்லிரும்மா. பக்குவமாச் சொல்லு" என்று உள்ளே போய்விட்டார். அவளை வரச் சொல்லி முந்தின நாளே போன் செய்திருந்தோம். விடியற்கால பஸ்ஸில் ஏறி வந்திருந்தாள். பழைய பேப்பரில் சுற்றிய கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு நின்றாள்.

பிரைமா ஃபேசி, அவரை யாரும் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருப்பதற்கு ஆதாரம் இல்லை. ஆகவே மனு முடித்துவைக்கப்படுகிறது. போலீஸ் தொடர்ந்து விசாரிக்கலாம். உத்தரவின் சாரம் அதுதான்.

"மொத வரி சொல்லுங்கக்கா."

"பிரைமா ஃபேசி. மொதப் பார்வைக்குன்னு அர்த்தம். மொதப் பார்வைக்கு, அவரை யாரும் பிடிச்சு வச்சிருக்கிற மாதிரி தெரியலைன்னு சொல்லியிருக்காங்க."

"மொதப் பார்வைக்கா?"

"ஆமா."

"அப்ப ரெண்டாவது தடவ பாப்பாகள்ல?"

அவள் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு தெளிச்சி வந்திருந்தது. ஒரு வழி கிடைத்துவிட்ட மாதிரி. அடுத்த வரி என் கட்டைவிரலுக்கு அடியில் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு அவளை இரண்டு பஸ்ஸில் திருப்பி அனுப்ப அன்றைக்கு எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

"பாப்பாங்க" என்றேன்.

"எப்பக்கா?"

"தேதி வரும். வந்தா நான் சொல்றேன்."

எப்போதும் அடுத்த வரியைக் கேட்கிறவள் அன்றைக்குக் கேட்கவில்லை. கையெழுத்துப் போடுகிற வேலை இல்லாததாலா, இல்லை அந்தச் சந்தோஷத்திலா, தெரியவில்லை. கருவாட்டுப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் நான் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை. அவள் திங்கட்கிழமைதோறும் வர ஆரம்பித்தாள். பண்ணையில் பேசி அன்றைக்கு லீவு வாங்கியிருந்தாள். பதினோரு மணிவாக்கில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும். "தேதி வந்துருச்சாக்கா?" "இன்னும் இல்லம்மா." ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புவாள்.  ஒவ்வொரு திங்கட்கிழமையும் பதினோரு மணிக்கு என் வாய் அதே பதிலைத்தான் சொன்னது.

இடையில் ஒருநாள் அவள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். அங்கிருந்தவரிடம், "மொதப் பார்வைக்கு இல்லைன்னுதாங்கய்யா கோர்ட்டுல சொல்லியிருக்காக. பிரைமா ஃபேசி. ரெண்டாவது பார்வைக்கு முன்னாடி நீங்க விசாரிச்சு வச்சீகன்னா நல்லது" என்று சொல்லியிருக்கிறாள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"சிரிச்சாகக்கா. வக்கீலுக்குப் படிக்கிறியான்னு கேட்டாக. அர்த்தம் தெரியாமச் சிரிக்கிறாகளோன்னு சொல்லிக் குடுத்தேன். அதுக்கும் சிரிச்சாக."

அவள் அதைச் சொல்லும்போது என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஃபைலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

எட்டு மாதம் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஓடிவந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. விராலிமலைப் பக்கத்து ஆள் ஒருவன் அவளுக்குப் போன் செய்திருந்தான். அதே போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவன், ஊருக்குத் திரும்பியிருந்தான்.

"அவுக எந்த ஸ்டேஷன்லயும் இறங்கலையாம்க்கா. வேலை நடக்கயில பைப்பு சரிஞ்சு இடுப்புல விழுந்துருச்சாம். ஏஜென்டும் இன்னொருத்தனும் சின்ன வண்டியில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனாகளாம். திரும்பி வரயில அவுக இல்லையாம். எங்கடான்னு கேட்டதுக்கு ஊருக்கு ரயில் ஏத்தி விட்டாச்சுன்னாகளாம்." மூச்சு வாங்கியது. "ஏதோ ஆஸ்பத்திரியிலதான் கெடக்காக. இடுப்பு ஒடஞ்சு எந்திரிக்க முடியாமக் கெடக்காக. இந்த ஆளு கோர்ட்டுல வந்து சொல்றேங்குறாரு. ரெண்டாவது பார்வைக்குக் கூப்புடயில கூட்டியாந்துரவா?"

அன்றைக்காவது நான் சொல்லியிருக்க வேண்டும். ரெண்டாவது பார்வை என்று ஒன்று கிடையாது, மனு எட்டு மாதத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது, இப்போது இந்த ஆளை வைத்துப் புதிதாக ஒன்று போட வேண்டும், உடனே போட வேண்டும். அவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். சாருக்கு அந்த மாதம்தான் இருதய ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆபீஸைப் பாதி மூடித்தான் வைத்திருந்தோம். அதை ஒரு காரணமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், எட்டு மாதமாகச் சொன்ன பொய்யை அவள் முகத்துக்கு நேராக எடுத்துப் போட எனக்கு வாய் வரவில்லை.

"நம்பரைக் குடுங்க, எழுதி வச்சுக்குறேன். தேதி வரட்டும், கூட்டிட்டு வாங்க" என்றேன்.

நம்பரை அவள் கேஸ் கட்டின் மேல் அட்டையில் எழுதினேன். சாருக்குப் போன் செய்யலாம் என்று இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். அவர் உடம்பு தேறி ஆபீஸுக்கு வந்தபோது, மாதக்கணக்காக நான் மறைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதையும் தள்ளிப்போட்டேன். அந்த விராலிமலைக்காரன் கொஞ்சநாள் அவளுக்குப் போன் செய்து, எப்போது வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தானாம். பிறகு வேறொரு வண்டியோடு வேலைக்குப் போய்விட்டான். நம்பர் வேலை செய்யவில்லை.

பொய் உடைந்தது இன்னொருவர் வாயால். சாரிடம் புதிதாக ஒரு ஜூனியர் சேர்ந்திருந்தார். நல்ல பையன், படித்ததை எங்கேயாவது சொல்லிப் பார்க்கத் துடிக்கிற வயசு. ஒரு திங்கட்கிழமை நான் டீ வாங்கப் போயிருந்தபோது அவள் வந்து, தேதி வந்ததா என்று அவரைக் கேட்டிருக்கிறாள். அவர் கட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

நான் உள்ளே வரும்போது அவள் வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, ஃபங்டஸ் அஃபீஷியோன்னா என்னா?"

ஜூனியர் சிரித்த முகத்தோடு, "இந்த மேட்டர்ல கோர்ட்டு ஃபங்டஸ் அஃபீஷியோ ஆயிருச்சுன்னு சொன்னேன்க்கா" என்றார்.

டீ டம்ளர்களை வைத்தேன். "வேலை முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்."

"யாரு வேலை?"

"கோர்ட்டோட வேலை. உத்தரவு போட்டுட்டா அதோட அவங்க பொறுப்பு முடிஞ்சிருச்சுன்னு."

"எப்ப முடிஞ்சுச்சு?"

சொன்னேன். உத்தரவு வந்த அந்த நாளைச் சொன்னேன். அவள் உதடு அசையவில்லை.

"அப்ப அந்த விராலிமலை ஆளு போன் பண்ணையில?"

"அப்பவே முடிஞ்சிருந்துச்சு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமல் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஜூனியருக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரிந்து வெளியே போனார். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அந்தக் காயிதத்துல நீங்க சொல்லாத வார்த்தை வேற என்னா இருந்துச்சு?"

"குளோஸ்டுன்னு இருந்துச்சு."

"அதுக்கு எனக்கே அர்த்தம் தெரியும்க்கா" என்றாள். "கையில குடுத்திருந்தீகன்னா நானே எழுத்துக்கூட்டிப் படிச்சிருப்பேன்."

எழுந்து போனாள். நான் அன்றைக்குச் சாயங்காலமே சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை; கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு தன்னால் ஆனதைச் செய்தார். போலீஸுக்கு மனு எழுதினார். விராலிமலைப் பக்கம் ஆள் அனுப்பி விசாரித்தார். அந்த மனிதன் வெளிநாட்டுக்குப் போய்விட்டான் என்றார்கள்; எந்த நாடு என்று அவன் வீட்டிலேயே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஏஜென்ட் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து பழைய கதையையே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். பைப் சரிந்த இடம் எந்த மாநிலம் என்பதுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

நாலு வருஷத்துக்கு மேல் அவள் வரவில்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் நான் நிமிர்ந்து பார்ப்பேன்.

வந்தபோது மகளையும் கூட்டிவந்தாள். மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள், அம்மாவைவிட உயரம். ஒரு புயலில் கூரை பறந்துபோய், இரண்டு வருஷமாகத் தார்ப்பாய்க்கு அடியில் இருக்கிறார்கள். அரசாங்கத்தில் வீடு கட்டித் தருகிறார்கள். அதற்குப் பட்டா அவள் பேரில் இருக்க வேண்டும். பட்டா புருஷன் பேரில் இருந்தது.

"தாலுகா ஆபீஸுல, ஒண்ணு ஆளக் கூட்டியா, இல்லாட்டி எறப்புச் சான்றிதழக் கொண்டாங்குறாக" என்றாள். "நான் கோர்ட்டுகிட்டக் கேட்டத அவுக என்கிட்டக் கேக்குறாக."

எங்களிடம் ஏன் திரும்ப வந்தாள் என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "வேற வக்கீல்கிட்டப் போனா மொதல்லருந்து சொல்லணும். இங்கிட்டு எல்லாருக்கும் தெரியும்."

ஏழு வருஷம் ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை என்றால் அவர் இறந்துவிட்டதாகக் கருதச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்கு வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்க வேண்டும். சார் அதை அவளிடம் நேராகவே சொன்னார். பிராதை நான்தான் டைப் செய்தேன். இந்தத் தடவை அவள் கேட்பதற்கு முன்னாலேயே வரி வரியாகப் படித்தேன். ஒரு சொல்லைக்கூட விடவில்லை. 'வாதியின் கணவர் இறந்துவிட்டதாகக் கருதப்பட வேண்டும்' என்ற இடத்தில் நிறுத்தி, "கருதப்படணும்னா, செத்துட்டாருன்னு இல்ல. அப்படி வச்சுக்கணும்னு" என்றேன்.

"யாரு வச்சுக்கணும்?"

"எல்லாரும்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

புருஷனின் அண்ணனையும் சில அதிகாரிகளையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்திருந்தோம். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் இன்ன தேதியில் கோர்ட்டுக்கு வந்து சொல்லலாம் என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தோம், வழக்கத்தில் இருப்பதுதான். விளம்பரம் வந்த அன்று அவள் மூன்று பேப்பர் வாங்கியிருந்தாள். புருஷனின் பெயர் அச்சில் இருந்ததைத் தொட்டுக் காட்டி என்னிடம் கேட்டாள்.

"இந்தப் பேப்பரு வடக்கயும் போகுமாக்கா?"

"தமிழ்ப் பேப்பரும்மா. தமிழ் ஆளுக இருக்கிற ஊருக்குப் போகும்."

"அவுக எங்கிட்டாவது டீக்கடையில பாத்தாகன்னா, ஆட்சேபணைன்னு வரலாம்ல?"

வரலாம் என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "தெரியலைம்மா" என்றேன். அவளிடம் நான் சொன்ன உண்மைகளில் அதுதான் கஷ்டமானது.

விசாரணை நாளில் பச்சைச் சேலையைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நான் பின்வரிசையில் நின்றேன். வாசலில் டவாலி எதிர்த்தரப்புக்காரர்களின் பெயரை மும்மூன்று தடவை உரக்கக் கூப்பிட்டார். அண்ணனைத் தகப்பன் பெயரோடு சேர்த்துக் கூப்பிட்டபோது, புருஷனுக்கும் அதே தகப்பன் பெயர்தானே, அவள் சட்டென்று வராந்தாவைத் திரும்பிப் பார்த்தாள். வராந்தாவில் ஒரு கிழவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை.

"எக்ஸ் பார்ட்டி" என்றார் நீதிபதி. மறுதரப்பு வராததால் வந்தவர் சொல்வதை மட்டும் கேட்டு முடிவு செய்வது. அதை முந்தின நாளே அவளுக்குச் சொல்லியிருந்தேன். "ஒரு பக்கம் மட்டும் பேசுறதுதான? ஏழு வருசமா அதத்தானக்கா செஞ்சுக்கிட்டிருக்கேன்" என்றிருந்தாள்.

நீதிபதி நடுத்தர வயதுப் பெண். குரலை உயர்த்தாமல் கேட்டார். "உங்க கணவர் இறந்துட்டார்னு சொல்றீங்களா?"

"காணோம்னுதாங்கம்மா எனக்குத் தெரியும்."

"அது புரியுதும்மா. ஆனா நீங்க கேட்டிருக்கிறது அவர் இறந்ததாகச் சொல்லித் தீர்ப்பு. அப்படி நம்புறீங்களா இல்லையா? யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடினாள். பார்வை வந்து என் வாயில் நின்றது. எங்கள் சார் குனிந்து காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் மகள் என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் தோள் என் கையில் பட்டுக்கொண்டிருந்தது. நான் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைத்தேன். ஆமா.

"ஆமாங்கம்மா" என்றாள் அவள்.

தீர்ப்பின் நகல் வாங்க ஒருநாள் வந்தாள். ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்து, எங்கே போட வேண்டும் என்று விரலால் காட்டினேன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நகலை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "படிச்சுக் காட்டுறேன்மா, அஞ்சு நிமிஷம்தான்" என்றேன்.

"இருக்கட்டும்க்கா. அறந்தாங்கி பஸ்ஸு போயிரும்."

அப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. போன வருஷம் மகள் மட்டும் வந்தாள், காலேஜ் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு நோட்டரி கையெழுத்து வாங்க. அப்பா பெயருக்கு முன்னால் 'லேட்' என்று இங்கிலீஷில் அவளே அழகாக எழுதியிருந்தாள். சார் கையெழுத்துப் போட்டார். நான் சீல் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"வீடு முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுக்கா. ரெண்டு ரூமு. நான் உள்ள படுக்குறேன். அம்மா வெளியதான் படுக்குது. மழை பேஞ்சா எதுத்த வீட்டுத் தாவாரத்துக்குப் போயிருது."

"ஏன் அப்படி?"

அவள் விண்ணப்பத்தை உறைக்குள் போட்டு, வாயை ஒட்டினாள். "கேட்டேன்க்கா. 'நான் ஆமான்னு சொன்னதுக்கு வந்த வீடு அது. நீ படு'ங்குது."

உறையை வாங்கி, பெறுநர் முகவரியை ஒரு தடவை சரிபார்த்து, அவள் கையில் கொடுத்தேன்.